இடிதாங்கி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடே சரிந்து கிடந்த நேரம், அக்காவின் மகன் என் மடிக்கணினியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்: "மாமா, டாங்க் எண்டா தமிழில என்ன?" விளையாட்டில் தனக்கென்று புது ஆள் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தான். எந்த வேலையை எடுப்பது என்று திரையில் நீலக் கேடயம், பச்சைச் சிலுவை, சிவப்பு வாள். கேடயம் என்றால் முன்னால் நின்று எதிரியின் அடியை வாங்கும் டாங்க், சிலுவை என்றால் காயம் ஆற்றும் ஹீலர், வாள் என்றால் அடிக்கிறவன். நான் யோசிக்காமல் "தாங்கி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன, சீனக்குடாவில கிடக்கிற எண்ணெய்த் தாங்கியா?"

சிரிப்பதற்கு அவனுக்கு நியாயம் இருக்கிறது. திருகோணமலையில் பிறந்த பிள்ளைக்குத் தாங்கி என்றால் முதலில் ஞாபகம் வருவது அதுதான்: பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன கிட்டத்தட்ட நூறு இரும்புத் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பான் விமானங்கள் குண்டு போட வந்தபோது ஒன்று எரிந்து அழிந்தது. மிச்சம் நிற்பவற்றில் பெரும்பாலானவை காடு மூடித் துருப்பிடித்துக் கிடக்கின்றன. "அப்ப டாங்க் எண்டா சும்மா நிண்டு அடி வாங்குறவன். நான் அதையே எடுக்கிறன், எனக்கு அடி எண்டாப் பயமில்ல" என்று சொல்லிக் கேடயத்தில் அழுத்திவிட்டான்.

"இல்லையடா" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வசனம் வரவில்லை. பத்து வருசத்துக்கு மேலாகக் கேடயம் தூக்குகிறவன் நான். அடி வாங்குவதுதானே என் வேலை? அவன் சொன்னதில் பிழை எங்கே? அவன் எழும்பிப் போன பிறகும் அந்த வசனம் பாய்க்கு அடியில் காய்ந்துபோன சோற்றுப் பருக்கை மாதிரிக் குத்திக்கொண்டே இருந்தது. எங்கே குத்துகிறது என்று தேடிப் பார்த்தால் அது 2022இல் போய் நிற்கிறது.

நாலு மீன்

அந்த வருசத் தொடக்கத்தில் நாங்கள் நாலு பேர் ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஒன்லைன் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தோம். நாலு பேருக்கும் மீன் பெயர் என்று ஒப்பந்தம். நான் மட்டும் ஆமை, டாங்க் என்பதால் விதிவிலக்கு. ஹீலர் நெத்தலி, கிண்ணியாவில் வாப்பாவின் ஹார்ட்வெயார் கடையைப் பார்த்துக்கொள்பவன், என்னைவிட எட்டு வயது இளையவன். மந்திரவாதி சூடை, உவர்மலைப் பொடியன், கம்பஸ் படிப்பை ஒன்லைனில் படிக்கிறேன் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு எங்களோடு நிற்பவன். வில்லாளி கணவாய் கட்டாரில் வேலை.

கணவாய் இல்லாமல் எங்களால் ஒன்றும் ஏலாது. 2020 ஓகஸ்டிலிருந்து அந்த விளையாட்டு 60ஆம் லெவல் வரை காலக்கெடு இல்லாமல் இலவசமாக இருந்தது. எங்களைப் போன்ற டொலர் காணாத ஆட்களுக்கு அது பெரிய தருமம். ஆனால் அப்போது இலவசக்காரன் தானாக ஒரு குழுவைத் தொடங்க முடியாது, சந்தா கட்டிய ஒருவன் கூப்பிட வேண்டும். கட்டாரில் வெள்ளிக்கிழமை லீவு. கிண்ணியாவிலும் ஜும்மாவுக்குப் பிறகு கடை திறப்பதில்லை. ஆகவே வெள்ளி பின்னேரம்தான் எங்கள் நால்வருக்கும் திருநாள். விளையாட்டுக்குள் கதைக்க நேரமிருக்காது என்று வாட்ஸ்அப் அழைப்பை ஒரு பக்கம் திறந்து வைத்திருப்போம். நெத்தலியின் பக்கத்திலிருந்து அடிக்கடி இரும்புச் சட்டர் சத்தம் கேட்கும்.

அப்போது நாடு இருந்த நிலையை இதை வாசிக்கும் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. 99 தாங்கி உள்ள ஊரில் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு விடியச் சாமத்தில் வரிசை. எங்கள் ஒழுங்கையில் ஒரு காஸ் சிலிண்டரில் மூன்று வீடு சமைத்தது. மின்வெட்டுக்கு நாட்டையே ஆங்கில எழுத்துகளாகப் பிரித்திருந்தார்கள். எங்கள் தெரு ஓர் எழுத்து, கிண்ணியா ஓர் எழுத்து, உவர்மலை இன்னோர் எழுத்து. வெள்ளி காலையில் அட்டவணையைப் பார்த்து, மூன்று எழுத்துக்கும் வெளிச்சம் இருக்கும் ஒன்றரை மணித்தியாலத்தைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் முதல் சண்டை. கிடைக்காவிட்டால் மடிக்கணினி பற்றரி, கைப்பேசி ஹொட்ஸ்பொட், பிறகு ஆண்டவன்.

ஓரம் வேல்

47ஆம் லெவலில் ஒரு குகை உண்டு. ஓரம் வேல் என்று பெயர். ஓரமும் இல்லை, வேலும் இல்லை. இலத்தீனில் தங்கமோ என்னவோ. விளையாடியவர்களுக்கு அதன் முதல் அறையைச் சொன்னாலே போதும், சிரிப்பார்கள். பெரிய திறந்த அறை, மஞ்சள் நச்சுக் குட்டைகள், திரியும் பிராணிகள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வரும், அது வரும் வழியில் மூன்றாவதைக் கூட்டிக்கொண்டு வரும். சுவரை ஒட்டி ஒவ்வொரு கூட்டமாக இழுத்துப் போவதுதான் வழி. "பேர்லயே புத்தி சொல்லிருக்கான் அண்ணன், ஓரமாப் போங்க" என்று நெத்தலி முதலே சொன்னான்.

நான் போகவில்லை. எனக்கு அந்தக் காலத்தில் ஒரு கெப்பர் இருந்தது. நல்ல டாங்க் என்றால் நிறையத் தாங்குபவன் என்ற எண்ணம். எத்தனை பேரை என் மேல் இழுத்துப் போட்டேன், எத்தனை பொத்தானை ஒரேயடியாக அழுத்திக் கல்லுப் போல நின்றேன் என்பதுதான் என் பெருமை. அன்றும் அப்படித்தான். பாதி அறையை இழுத்துக்கொண்டு வந்து, நடுவில் நின்று, விழும் அடியைக் கொஞ்ச நேரத்துக்குக் குறைக்கும் பொத்தான்களான றம்பார்ட், சென்டினல், ரிப்ரைசல் மூன்றையும் ஒரு மூச்சில் போட்டேன். உயிர்க் கோடு அசையவில்லை. "பாத்தியளா?" என்று கேட்டேன். அடுத்த வசனம் சொல்வதற்குள் செத்துவிட்டேன். என் பின்னால் நின்ற மூன்று பேரும் கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை இன்னும் கொஞ்சம் கேவலம். பற்றரி 41 வீதத்துக்கு வந்துவிட்டது. எனக்கு வியர்வை ஊற்றுகிறது, காற்றாடி நின்று ஒரு மணித்தியாலம். மைக்கில் கொஞ்சம் உரத்துக் கேட்டுவிட்டேன்: "ஹீல் எங்கடா?"

கிண்ணியாவில் சத்தம் இல்லை. சூடை தொண்டையைச் செருமினான். ஆணிப் பெட்டி ஒன்றைத் தள்ளி வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நெத்தலி, கோபமே இல்லாமல், கடைக்கு வந்த ஆளுக்குக் குழாய் அளவு விளங்கப்படுத்துகிற குரலில் சொன்னான்:

"அண்ணன், நீங்க சாகுறது எனக்குப் பிரச்சினை இல்ல. எப்ப சாகப் போறீங்க எண்டு எனக்குத் தெரியல்ல. அதான் பிரச்சினை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே தொடர்ந்தான். "முதல் பத்து செக்கன் உங்களுக்கு ஒண்டும் ஆகுதில்ல. நான் சும்மா நிக்கிறன். சரி, நல்லாத்தான் போகுது எண்டு நானும் அடிக்கத் தொடங்குறன். திடீரெண்டு பாத்தா அரைவாசி உசிரக் காணல்ல. நான் ஒரு ஹீலுக்குக் கை வைச்சு அது வந்து சேர ரெண்டு செக்கன் வேணும். அதுக்குள்ள மிச்சமும் போயிடுது. கடையில கடன் எடுக்கிற ஆக்கள் மாதிரித்தான். கிழமைக்கு ஐந்நூறு ஐந்நூறாத் தாறவன் நல்லவன். ஒரு நாள் வந்து பத்தாயிரம் தந்திட்டு ஆறு மாசம் ஆளே இல்லாமப் போறவனை வெச்சுக் கடை நடத்த ஏலாது."

எனக்குச் சுள்ளென்றது. இத்தனை வருசம் நான் தாங்கினேன் தாங்கினேன் என்று மார்தட்டியதெல்லாம், எனக்குப் பின்னால் நிற்கும் ஒருவனுக்கு இருட்டில் கிணறு தாண்டுகிற வேலையாக இருந்திருக்கிறது. அன்று நாலாம் முறை போகவில்லை. கரண்ட் வந்தது, சூடையின் எழுத்துக்குப் போனது, கலைந்தோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

அந்த இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் கொப்பியில் கணக்குப் போட்டேன். (நான் கணக்கில் கெட்டிக்காரன் இல்லை, ஆனால் தோற்ற பிறகு எல்லோரும் கணக்குப் போடுவார்கள்.) முதல் அதிர்ச்சி, நான் பொத்தான்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். றம்பார்ட் 20 வீதம் குறைக்கும், சென்டினல் 30, ரிப்ரைசல் எதிரியின் அடியில் 10. மொத்தம் 60 வீதம் என்பது என் நினைப்பு. விளையாட்டு கூட்டுவதில்லை, பெருக்குகிறது. நூறு அடி றம்பார்ட்டில் 80 ஆகிறது, அந்த 80 சென்டினலில் 56 ஆகிறது, அது ரிப்ரைசலில் 50 ஆகிறது. மூன்றாவதாகப் போட்ட பொத்தானால் எனக்கு மிஞ்சியது ஆறே ஆறு அடி. தனியாகப் போட்டிருந்தால் பத்து மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, நேரம். அப்போது ரிப்ரைசல் 10 செக்கன், சென்டினல் 15, றம்பார்ட் 20. பிராணிகள் எல்லாம் சேர்ந்து செக்கனுக்கு 1000 அடிக்கின்றன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் முதல் பத்து செக்கன் 504, அடுத்த ஐந்து 560, அடுத்த ஐந்து 800, பிறகு நிர்வாணமாக 1000. 45 செக்கனில் நான் வாங்கும் மொத்த அடி 36,840. ஒன்று முடிய ஒன்றாகப் போட்டால் 20 செக்கனுக்கு 800, 15 செக்கனுக்கு 700, 10 செக்கனுக்கு 900. மொத்தம் 35,500.

வித்தியாசம் நாலு வீதம்கூட இல்லை. இதைப் பார்த்ததும் நான் கணக்கில் பிழை விட்டுவிட்டேன் என்று மறுபடி போட்டேன். பிழை இல்லை. வாங்கும் அடி கிட்டத்தட்ட ஒன்றுதான், அது வருகிற விதம்தான் வேறு. ஒன்று படிக்கட்டு, மற்றது மேட்டு நிலம். முதலாவதில் ஹீலர் பத்து செக்கன் கொட்டாவி விட்டு, கடைசி 25 செக்கன் பேயாய் ஓடுகிறான். இரண்டாவதில் அவனுக்கு ஒரே தாளம், 700க்கும் 900க்கும் இடையில்.

உண்மையில் விளையாட்டு இவ்வளவு நேர்கோடாக இருக்காது. பிராணிகள் ஒவ்வொன்றாகச் சாகச் சாக அடி குறையும், ஆகவே எல்லாம் உயிரோடு நிற்கும் தொடக்கத்தில்தான் பெரிய பொத்தான் வேண்டும். சென்டினலை முதலில் வைத்து றம்பார்ட்டைப் பிறகு வைப்பது நல்லது. அதிலும் ஒரு சூட்சுமத்தை அடுத்த வெள்ளி நெத்தலிதான் சொன்னான். அவனுடைய ஹோலி என்ற மந்திரம் சுற்றி நிற்பவற்றை மயங்க வைக்கும். முதல் தடவை 4 செக்கன், இரண்டாவது 2, மூன்றாவது 1, அதோடு அவற்றுக்குப் பழகிவிடும். "அந்த ஏழு செக்கனும் உங்களுக்கு அடியே விழாது அண்ணன். அப்ப போய் நீங்க கேடயத்தத் தூக்கினா, மழை விட்ட பிறகு குடை பிடிக்கிற மாதிரி." மூன்று மாதமாக நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். ஒரு குழுவாக விளையாடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவன் என்ன செய்கிறான் என்று ஒரு நாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன். "சென்டினல் போட்டிட்டன், பதினைஞ்சு." "முடியப் போகுது, மூண்டு." "றம்பார்ட், இருபது." முதலில் பஸ் கண்டக்டர் மாதிரி வெட்கமாக இருந்தது. கணவாய் "அடுத்த தரிப்பு உப்புவெளியா?" என்று நக்கலடித்தான். ஆனால் அந்த வெள்ளி ஓரம் வேலின் முதல் அறையைச் சுவர் ஓரமாகப் போய்க் கடந்தோம். என் உயிர்க் கோடு முழுதாக நின்றதே இல்லை, எந்நேரமும் பாதிக்கு மேலே கீழே ஆடிக்கொண்டிருந்தது. முன்பென்றால் அதைப் பார்த்துப் பயந்திருப்பேன்.

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், மின்வெட்டும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்கள். அம்மா அதையும் சமாளித்தாள். எத்தனை மணிக்குப் போகும் என்று தெரிந்தால் அரிசி எப்போது ஊறப்போடுவது, மோட்டர் எப்போது போட்டுத் தண்ணீர்த் தாங்கியை நிரப்புவது, எல்லாம் அவளிடம் கணக்கு. ஒரு நாள் அட்டவணையில் இல்லாமல் வெறும் நாற்பது நிமிசம் போனது. அன்றுதான் அம்மிக்குப் பக்கத்தில் அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியைத் தூக்கி வைத்துவிட்டுப் பெரிய வாய் வைத்தாள். பதின்மூன்று மணித்தியாலத்துக்கு வராத கோபம் நாற்பது நிமிசத்துக்கு வந்தது.

பங்கு

அடியைப் பங்கு போடுவது பற்றி எனக்கும் சூடைக்கும் இன்னமும் தீராத வழக்கு ஒன்று உண்டு. என்னிடம் கவர் என்று ஒரு பொத்தான் இருந்தது. பத்து கெஜ தூரத்துக்குள் நிற்கும் ஒருவனுக்குப் போட்டால் 12 செக்கனுக்கு அவனுக்கு விழும் அடியெல்லாம் எனக்கு விழும். கேட்க எவ்வளவு அழகு! கருப்பு மந்திரவாதிக்கு நின்ற இடத்தில் நின்றால்தான் மந்திரம் ஓடும். நிலத்தில் செம்மஞ்சள் வட்டம் விழுந்தால் விலக வேண்டும், விலகினால் மந்திரம் முறியும். சூடைக்கு விலக மனம் வராது. நான் பாசத்தில் கவர் போடுவேன். ஒரு கிழமை, இரண்டு கிழமை. மூன்றாம் கிழமை பார்த்தால் அவன் வட்டத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். "ஆமையண்ணன் இருக்காரே" என்கிறான்.

என் பக்கத்தில் இன்னொரு செலவும் இருந்தது. கவருக்கும் என்னுடைய கேடயத் தடுப்புக்கும் ஒரே சேமிப்புத்தான். என் வாள் தானாக அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஐந்து ஐந்தாகச் சேர்ந்து, ஐம்பது ஆனால் ஏதாவது ஒன்றுக்குச் செலவழிக்கலாம். சூடைக்குக் கொடுத்தால் எனக்கு இல்லை. ஆக அவன் வாங்கவே தேவையில்லாத அடி என் மேல் விழுகிறது, அதைத் தடுக்க வைத்திருந்த காசும் அவனுக்கே போய்விட்டது, இந்த இரண்டையும் நிரப்ப நெத்தலி வேர்க்கிறான். இதற்குப் பெயர் பகிர்வு இல்லை. கடனை ஒருவன் பெயரிலிருந்து இன்னொருவன் பெயருக்கு எழுதுவது. நான் கவரை நிறுத்தியதும் சூடைக்கு மனத்தாங்கல். இரண்டு தரம் செத்தான், மூன்றாம் தரம் விலகினான். அவன் இன்றைக்கும் நான் செய்தது அநியாயம் என்கிறான். அன்று அவன் அடித்த டமேஜ் கணக்கையும் ஞாபகம் வைத்திருக்கிறான்.

உண்மையான பகிர்வு வேறு மாதிரி. ஒருவன் தலைக்கு மேல் குறி விழும், நாலு பக்கமிருந்தும் அம்புகள் உள்நோக்கிக் காட்டும். எல்லோரும் அவனோடு ஒட்டி நின்றால் அந்த அடி தலைக்கு இவ்வளவு என்று பிரியும். அவன் தனியாக நின்றால் முழுவதும் அவனுக்கு, அது அநேகமாக மரணம். இதில் வேடிக்கை என்னவென்றால், குறி விழுந்தவனுடைய முதல் புத்தி ஓடுவது. மற்றவர்களுடைய முதல் புத்தியும் அவனிடமிருந்து ஓடுவது. எட்டுப் பேர் போகும் ஒரு சண்டையில் எனக்கு அப்படிக் குறி விழுந்தது. நான் தியாகியாக, எல்லோரையும் விட்டு மூலைக்கு ஓடினேன். என்னைத் தேடி ஏழு பேர் பின்னால் ஓடி வருகிறார்கள். நான் இன்னும் வேகமாக ஓடுகிறேன். பிந்திப்போனது. செத்துக் கிடக்கும்போது அறிமுகமே இல்லாத ஒருவர் குழு அரட்டையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். அந்தக் கேள்விக்குறியின் நியாயம் எனக்கு விளங்க ஒரு நாள் எடுத்தது. எட்டில் ஒரு பங்கு அடி ஒருவரையும் கொன்றிருக்காது.

பழைய விளையாட்டுகளும் இதை வேறு வேறு விதமாகச் செய்து பார்த்திருக்கின்றன. வேர்ல்ட் ஒஃப் வோர்க்ராஃப்டில் பட்ச்வேர்க் என்று ஒரு பூதம், தன்னைப் பிடித்து வைத்திருக்கும் முதல் டாங்கை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் மற்றவர்களில் உயிர் கூடியவனைப் பார்த்து அடிக்கும். அந்த அடியை ஏந்துவதற்கென்றே இன்னும் டாங்குகள் வரிசையில் நிற்க வேண்டும். அதே விளையாட்டில் 2011இல் ஷாமன் என்ற பாத்திரத்துக்கு ஒரு கம்பம் கொடுத்தார்கள். நட்டால், வட்டத்துக்குள் நிற்கும் எல்லோருடைய உயிரும் ஒரே வீதத்துக்கு வந்துவிடும். சாகக் கிடப்பவன் எழும்புவான், கொழுத்து நின்றவன் இறங்குவான். ஒரு சிலிண்டரில் மூன்று வீடு சமைத்த காலத்தில் அந்தக் கம்பத்தை நினைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டுச் சிலிண்டர்தான் அது. முதலில் கொஞ்சம் எரிச்சலும் பட்டேன், ஒளிப்பானேன்.

எங்கள் விளையாட்டில் இரண்டு டாங்க் மாறி மாறிப் பிடிக்கும் சண்டைகளும் உண்டு. முதலாவது ஆளுக்குக் காயம் ஏற ஏற, இரண்டாவது ஆள் பூதத்தைச் சீண்டித் தன் பக்கம் திருப்ப வேண்டும். அதற்கு அடுத்த நொடி, விட்டவன் தன் மேல் பூதத்துக்கு இருந்த கோபத்தில் கால்வாசியைப் பிடித்தவனுக்கு மாற்றிக் கொடுக்கலாம், மறுபடி தன்னிடம் திரும்பாமல் இருக்க. இதைப் படங்களில் பார்த்துப் படித்தும் எனக்குக் கை வரவில்லை. ஒரு நாள் நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான். தண்ணீர் விளிம்பில் கயிற்றைப் பிடிக்கிறவன் இழுத்துக்கொண்டே பின்னால் நடந்து, மணல் மேட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டு மறுபடி தண்ணீருக்கு இறங்குகிறான். பின்னால் ஒருவன் விடும்போது கயிறு தளருவதே இல்லை, முன்னால் இன்னொருவன் ஏற்கெனவே பிடித்தாயிற்று. நான் அதுவரை எப்போதும் என் ஆள் விட்ட பிறகுதான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கம்பி

மருமகனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு கிழமை பிடித்தது. சுமைதாங்கி என்று சொல்லலாமா என்று யோசித்தேன். வீதியோரத்தில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்களே, தலைச்சுமைக்காரர் இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்கு. அழகான சொல், ஆனால் அந்தக் கல் யாரையும் கூப்பிடுவதில்லை. டாங்க் கூப்பிட வேண்டும். முன்பெல்லாம் அதுதான் முழு வித்தையும். வோர்க்ராஃப்டில் பூதம் யார் மேல் எவ்வளவு கோபம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். பிடித்து வைத்திருப்பவனை விடக் கிட்ட நிற்பவன் 110 வீதத்தைத் தாண்டினால் அவனிடம் திரும்பும், தூர நிற்பவனுக்கு 130. ஹீலர் ஒருவரைக் குணப்படுத்தினால் அதற்கும் கோபம் வரும். இப்போது ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் கோபமெல்லாம் டாங்கின் மேல்தான். அந்தக் கஷ்டம் போய்விட்டதால்தான் மிச்சமிருக்கும் வேலை கண்ணுக்குத் தெரியாமல் போனது என்று எனக்கு ஒரு அபிப்பிராயம்.

பிறகு எங்கள் பழைய பள்ளிக்கூட மாடி ஞாபகம் வந்தது. கூரைக்கு மேல் ஈட்டி மாதிரி ஒன்று நிற்கும். விஞ்ஞான ஆசிரியர் எங்களைக் கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், சுவர் வழியாக இறங்கி மண்ணுக்குள் போகும் செப்புப் பட்டையைக் காட்டினார். மேலே நிற்கிறதைப் பார்க்காதீர்கள், இதைப் பாருங்கள் என்றார். இது அறுந்தால் மேலே நிற்பது வீட்டுக்கே யமன்.

"இடிதாங்கி" என்றேன் மருமகனிடம். "இடிதாங்கி ஒரு இடியையும் தன்ர உடம்பில வைச்சிருக்கிறதில்ல. கூப்பிட்டு எடுத்து, கீழ கம்பியில விட்டிடும்." கம்பி யார் என்று கேட்டான். பச்சைச் சிலுவையைக் காட்டினேன். கவனமாகக் கேட்டான். அடுத்த ஞாயிறு வந்து சிவப்பு வாளுக்கு மாறிவிட்டான். டாங்க் சலித்துப் போச்சாம்.

நெத்தலி அந்த வருசக் கடைசியில் சவூதிக்குப் போனான். சூடைக்குக் கொழும்பில் வேலை. கணவாய் எப்போதாவது வருவான், வந்தால் ஊர்ப் புதினம் கேட்பான். நான் இப்போது விளையாட்டே சேர்த்துவிடும் முகம் தெரியாத ஆட்களோடுதான் போகிறேன். அவர்களிடம் வாட்ஸ்அப் இல்லை, தமிழ் இல்லை. இருந்தாலும் பழக்கம் விடவில்லை. குழு அரட்டையில் ஒரு சொல், ஒரு எண், அவ்வளவுதான் அடிப்பேன்: சென்டினல், 15. றம்பார்ட், 20. பெரும்பாலும் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. போன புதன் ஓரம் வேலில் ஹீலர் ஒரு யப்பான்காரர். முதல் அறையில் நான் சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டு வந்து நின்றதும் அவர் முந்திக்கொண்டு ஹோலி அடித்தார், நாலு, இரண்டு, ஒன்று. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மயக்கம் தெளிந்த அதே கணத்தில் சென்டினலைப் போட்டு 15 என்று அடித்தேன். அதற்குப் பிறகு என் எண்கள் முடியும் இடத்திலெல்லாம், சொல்லி வைத்தாற்போல, அவருடைய ஹீல் வந்து விழுந்துகொண்டிருந்தது.

கடைசிப் பூதமும் விழுந்த பிறகு அவர் என் முன்னால் வந்து நின்று, இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் வைத்தார். பதில் வணக்கத்துக்கு எந்தப் பொத்தான் என்று நான் தேடி முடிப்பதற்குள் ஆள் போய்விட்டார்.